பெறுநர்: முஹ்தார் என்கிற பூனை

கார்ஷியாகா, இஸ்மீர்
14 ஏப்ரல் 1979

என் சிங்கம் முஹ்தாருக்கு,

முதல்ல உன் ரெண்டு கண்ணுலயும் முத்தம். நான் நல்லபடியா வந்து சேர்ந்தேன். பஸ்ல பக்கத்து சீட்டுப் பொம்பளை மடியில ஒரு கோழியோட வந்தா. நீ கூட வந்திருந்தா வழி முழுக்க உனக்குப் பொழுது போயிருக்கும்.

இந்தக் கடிதம் உனக்குத்தான், வேற யாருக்கும் இல்லை. உறை மேல 'முஹ்தார்'னு மட்டும் போட்டா நம்ம தெருத் தலைவர் ஃபிக்ரி தனக்குன்னு பிரிச்சுடுவார். அந்தப் பதவிக்கும் அதே பேர்தானே. வீடு வீடா போய் வாசல்ல நின்னு விசாரிக்கிற உன் குணத்தைப் பார்த்து வச்ச பேரு, அவருக்கு அதுல இன்னும் கோவம். அதனால 'முஹ்தார் என்கிற பூனை, படகுத்துறைத் தெரு, முதன்யா'ன்னு எழுதியிருக்கேன். தபால்காரர் சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும்.

பக்கத்துல மூக்குக்கண்ணாடி போட்டுக்கிட்டு நஸ்மின்னு ஒருத்தர் உட்கார்ந்திருப்பார். அவரைப் படிச்சுக் காட்டச் சொல்லு. அவரோட எனக்குப் பேச்சு கிடையாது. மத்த வீட்டுல புருஷன் பொண்டாட்டிக்குள்ள பேச்சு நின்னுட்டா 'போய் உங்கப்பாகிட்டச் சொல்லு'ன்னு பிள்ளையை நடுவுல நிறுத்துவாங்க. நம்ம பொண்ணு அங்காராவுல குடும்பம் நடத்துறா. அதனால அந்த உத்தியோகம் உன் தலையில விழுந்திருக்கு, கண்ணு.

ஞாயித்துக்கிழமை நடந்ததை மறந்திருக்க மாட்டே. விருந்துக்கு வாங்கின தட்டை மீனை நீ இழுத்துட்டுப் போனே. தப்புதான். அதுக்காக பக்கத்து வீட்டு ஜெவ்தெத்தும் அவர் பொண்டாட்டி மெலாஹத்தும் உட்கார்ந்திருக்கும்போது "இந்த வீட்டுல ஒரு பொருளை மூடி வைக்கத் தெரிஞ்ச ஜீவன் ஒண்ணு உண்டா? தின்னுட்டுத் தூங்குறதைத் தவிர என்ன தெரியும்?"னு ஒருத்தர் கத்தினாரே, கை உன்னைக் காட்டிச்சு, கண்ணு எங்கே பார்த்துச்சு? மூடி வைக்கிறது பூனையோட வேலையா? நான் பச்சைக் குழந்தை இல்லை. அப்புறம் வந்த காபி விஷயத்தை நான் எழுதப் போறதில்லை.

அக்கா மாடிப்படியில வழுக்கி விழுந்து காலுக்கு மாவுக்கட்டு போட்டிருக்கு. ஆறு வாரமாவது ஆகும்னு டாக்டர் சொல்றார். அதுவரைக்கும் நான் இங்கேதான்.

உன்னைத் திட்ட வேண்டாம்னு சொல்லலை. திட்டி முடிச்சதும் ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிடணும். அவ்வளவுதான், அதை அந்த மனுஷனுக்குச் சொல்லு.

முத்தங்களோட,
பெரிஹான்

~

முதன்யா
24 ஏப்ரல் 1979

எஜமானி அம்மாவுக்கு,

முஹ்தார் பணிவோட எழுதிக்கிறது. உங்க கடிதம் கிடைச்சது. இங்கே நான் சுகம். சுஹேலா அம்மாவோட கால் சீக்கிரம் கூடட்டும்னு வேண்டிக்கிறேன். எனக்குப் பேனா பிடிக்க வராததால பக்கத்துல இருக்குறவர் எழுதறார். வார்த்தை எல்லாம் என்னோடதுதான்.

எஜமான் என்னை நல்லா கவனிச்சுக்கிறார். திட்டவும் செய்யறார். முப்பது வருஷம் படகுத்துறையில நின்னு "கயிறு அவிழ்த்தாச்சு, குதிக்காதே!"ன்னு கத்தினவர் இல்லையா, அவர் மெதுவா பேசினாலே பக்கத்து வீட்டு ஜன்னல் திறக்குது. நேத்து பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தார். நான் போய் அவர் படிக்கிற பக்கத்து மேலயே படுத்தேன். "வேற இடமே கிடைக்கலையா உனக்கு? வெட்கமில்லை?"ன்னார். நான் வாயை அகலமா திறந்து கொட்டாவி விட்டேன். "உன்னைத்தான் கேக்கறேன்!"னார். திரும்பிச் சுவரைப் பார்த்தேன். சுவத்துல ஒண்ணும் இல்லை, ஆனாலும் பார்த்தேன். "பிஸ்ட்!"னு மேஜையைத் தட்டினார். நான் எழுந்து, அவசரமே இல்லாம, அவர் டீ கிளாஸ் கிட்டே போய், அவர் முகத்தையே பார்த்துக்கிட்டு, ஒத்தைக் கையால கிளாஸை ஓரத்துக்குத் தள்ளினேன். "வேண்டாம், சொல்லிட்டேன்"னார். இன்னும் கொஞ்சம் தள்ளினேன். "முஹ்தார்!" விழுந்துச்சு.

அப்புறம் பார்த்தா, உடைஞ்ச கண்ணாடியை அவரே குனிஞ்சு பொறுக்கறார், நான் பேப்பர் மேல படுத்திருக்கேன். எப்படி இது நடந்துச்சுன்னு அவருக்கே தெரியலை.

சட்டை துவைக்கிற சோப்பு எங்கே இருக்கு? இதை எஜமான் கேக்கலை. நான்தான் கேக்கறேன்.

உங்க கையில முத்தம்.

முஹ்தார்

~

கார்ஷியாகா
7 மே 1979

என் சிங்கமே,

கண்ணுல முத்தம். கிளாஸ் கதையைப் படிச்சுட்டு நானும் அக்காவும் சிரிச்ச சிரிப்புல அக்காவோட கட்டுக்காலு முக்காலியில இருந்து கீழே விழுந்துடுச்சு. பயப்படாதே, ஒண்ணும் ஆகலை. ஆனா டாக்டர் இன்னும் ஒரு மாசம் ஆகும்னு சொல்லிட்டார்.

சோப்பு அடுப்படி மேல்தட்டுல, பருப்பு டப்பாவுக்குப் பின்னாடி. துவைக்கத் தெரியாதவருக்கு நீ ஏன் சோப்பு தேடித் தர்றே?

ஒன்பது வருஷமா உன்னைத் திட்டியிருக்கேன், உன் குணம் எனக்குத் தெரியாதா? சின்னத் திட்டுக்கு நீ கொட்டாவி விடுவே. அதுக்கு மேல போனா, காது ரெண்டும் பின்னாடி திரும்பும், முகம் சுவத்துப் பக்கம் இருந்தாலும் காது எங்ககிட்டத்தான் இருக்கும். ஒரு வார்த்தை தவறவிட மாட்டே, திருடா. நான் அடுப்படியில உன்னைத் திட்டின அன்னிக்கெல்லாம் சாயந்தரம் என் செருப்புக்குள்ள ஒரு எலி இருக்கும். அது சமாதானமா, பழிவாங்குறதா, இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியலை.

ஆனா ஒண்ணு மட்டும் தெரியும். நிஜமாவே மனசு நொந்துட்டா நீ கிளாஸையும் தள்ள மாட்டே, கொட்டாவியும் விட மாட்டே. பின்னங்காலைத் தூக்கி வச்சுக்கிட்டு நக்கித் தொடைக்க ஆரம்பிப்பே. பக்கத்துல ஆளே இல்லாத மாதிரி. தொடைச்சு முடிச்சதும் எழுந்து மெதுவா நடந்து போவே, திரும்பிப் பார்க்க மாட்டே. அந்த மெதுநடையைப் பார்த்த அன்னிக்கு ராத்திரி நான் வாசல் கதவைத் திறந்தே வச்சிருப்பேன். அப்படி எப்பவாவது நடந்தா உடனே எனக்கு எழுது.

அந்த மனுஷன் வேளாவேளைக்குச் சாப்பிடறாரா? சும்மா கேட்டேன். பதில் வேண்டாம்.

நீ சௌக்கியமா இருக்கேன்னு நான் எப்படி நம்புறது? அடுத்த கடிதத்துல கையெழுத்துக்குப் பதிலா உன் பாதத்தை மையில தொட்டுப் பதிச்சு அனுப்பு.

பெரிஹான்

~

முதன்யா
23 மே 1979

மதிப்புக்குரிய எஜமானி அம்மாவுக்கு,

நலம். நான் நலம். ரொம்ப நலம்.

நான் வீட்டுலயேதான் இருக்கேன். எங்கேயும் போறதில்லை. காலையில எழுந்ததும் வீட்டுலதான் இருக்கேன், மத்தியானமும் வீட்டுலதான், சாயந்தரம் சொல்லவே வேண்டாம். பக்கத்து வீட்டுப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்கிறதில்லை. எஜமான் இப்பெல்லாம் என்னைத் திட்டுறதே இல்லை. ரெண்டு வாரமா ஒரு வார்த்தை கடுமையா பேசலை. வீடு ரொம்ப அமைதியா இருக்கு.

கேட்டபடி பாதம் பதிச்சிருக்கேன். கீழே பார்க்கவும்.

சுஹேலா அம்மாவோட கால் எப்படி இருக்கு? நடக்கிறாங்களா? ஆறு வாரம்னு சொல்லிட்டு அதுக்கு மேல இன்னும் ஒரு மாசமான்னு எஜமான் தனக்குள்ள பேசிக்கிட்டார், என் காதுல விழுந்தது. திராட்சைக்கொடி இலை விட்டிருக்கு. பறிச்சு உப்புல போட ஆள் இல்லாம முத்திக்கிட்டிருக்கு.

இப்படிக்கு
முஹ்தார்
(பாத முத்திரை)

~

கார்ஷியாகா
9 ஜூன் 1979

முஹ்தார் பேருல எழுதறவருக்கு,

உடம்புக்கெல்லாம் சுகம்தானேன்னு வழக்கமா கேக்கணும், கேட்டுட்டேன்.

பாத முத்திரை வந்து சேர்ந்தது. உருளைக்கிழங்கை வெட்டிச் செஞ்சதா, விரலால வச்சதா தெரியலை. கைவேலை மோசமில்லை. ஆனா விரல் அஞ்சு இருக்கு. ஒன்பது வருஷமா மழைநாள்ல அந்தக் காலைத் தொடைச்சு உள்ளே விட்டவ நான். பூனை நடந்தா நாலு விரல்தான் பதியும். உங்க கையைப் பார்த்து எண்ணினீங்களா?

"வீட்டுலதான் இருக்கேன்"னு ஒரே கடிதத்துல மூணு தடவை எழுதற பூனை வீட்டுல இல்லை.

முஹ்தார் எங்கே?

வேற எதுவும் எழுத எனக்கு மனசு வரலை.

பெரிஹான்

~

முதன்யா
18 ஜூன் 1979

அன்புள்ள சுஹேலா அக்காவுக்கு,

உங்க கையில முத்தம் வச்சு நஸ்மி எழுதறது. கால் வலி தேவலையா? உங்க தங்கச்சி எனக்கு நேரா எழுதறதில்லை. அவளே நேரா எழுதாதபோது நான் முதல்ல எழுதினா எனக்கு என்ன மரியாதை? அதனால உங்களுக்கு எழுதறேன். நீங்க சாப்பிடும்போது பேச்சோட பேச்சா அவ காதுல போட்டுடுங்க.

முஹ்தார் உயிரோட இருக்கான். கொழுத்துப் போயிருக்கான். ஆனா என்கிட்ட இல்லை.

மே ஒன்பதாம் தேதி என் ஒரே கம்பளிச் சட்டையைத் துவைச்சுக் காயப் போட்டிருந்தேன். அதை இழுத்துக் கீழே போட்டு, சேத்துக் காலோட அதுல சுருண்டு படுத்திருந்தான். எனக்கு ஏற்கெனவே வேற ஒரு எரிச்சல். முப்பது வருஷமா நான் சட்டை துவைச்சதில்லை. வாயில வந்ததெல்லாம் சொன்னேன். "போ, நீயும் போ! உன்னை யாரு இங்கே இருன்னா?"ன்னேன். அவன் கொட்டாவி விடலை அக்கா. பின்னங்காலைத் தூக்கி நக்கித் தொடைச்சான். நிதானமா எழுந்தான். சுவரேறி ஜெவ்தெத் வீட்டுக்குப் போயிட்டான். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கலை.

அப்போ அவளோட கடிதம் வந்து சேரலை. மறுநாள்தான் வந்தது. மெதுநடைன்னு அவ எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்பப் படிச்சேன். எப்படிச் சொல்லுவேன்? வீட்டுல விட்டுட்டுப் போனது ஒரே ஒரு பூனை, அதையும் விரட்டிட்டேன்னா சொல்லுவேன்?

இப்போ அவன் ஜெவ்தெத்தோட ஜன்னல்ல உட்கார்றான். நான் வீட்டு முற்றத்துக்கு வந்ததும் முதுகைக் காட்டித் திரும்பிக்கிறான். ஈரல் காட்டினேன், மத்தி மீன் காட்டினேன், "பிசி பிசி"ன்னு தெருவே வேடிக்கை பார்க்கக் கெஞ்சினேன். அந்தப் பாவி ஜெவ்தெத் சிரிக்கிறான். "இங்கே இவர் பேரு சுல்தான், நஸ்மி. முறைப்படி விண்ணப்பம் கொடு"ங்கறான்.

அவ திரும்பி வர்றதுக்குள்ள இவனை எப்படியாவது வீட்டுக்குள்ள கொண்டு வந்துடணும். பூனையும் இல்லாத வீட்டுக்கு அவ எதுக்கு வருவா? அக்கா, ராத்திரி பகல் எனக்கு இதே யோசனைதான். பூனைகிட்ட எப்படி மன்னிப்பு கேக்குறது? உங்களுக்குத் தெரிஞ்சா எழுதுங்க.

நஸ்மி

~

கார்ஷியாகா
1 ஜூலை 1979

அருமை மாப்பிள்ளைக்கு,

கண்ணுல முத்தம். பெரிஹான் சந்தைக்குப் போயிருக்கா, வர்றதுக்குள்ள எழுதி முடிக்கணும்.

என் கால் சௌக்கியம். மே பதினாறாம் தேதியே கட்டைப் பிரிச்சாச்சு. போன வாரம் கீழ்வீட்டுக் கல்யாணத்துல நான் ஆடினேன், போட்டோ இருக்கு. கால் கூடலைன்னு கதை கட்டினது உங்க பொண்டாட்டி. நீங்க பூனை இருக்குன்னு பொய் எழுதறீங்க, அவ என் கால் உடைஞ்சிருக்குன்னு பொய் எழுதறா. நடுவுல தபால் இலாகா நல்லா பிழைக்குது. இன்னொண்ணும் கேட்டுக்கோங்க. நான் விழுந்தது மார்ச் கடைசியில. 'வா'ன்னு தந்தி கொடுத்தேன், 'அவரைத் தனியா விட்டுட்டு வர முடியாது'ன்னவ அவ. பத்து நாள் கழிச்சுப் பெட்டியோட வந்து நிக்கிறா.

தயவுபண்ணி அவளைக் கூட்டிட்டுப் போங்க. என் வீட்டுத் தட்டுமுட்டை எல்லாம் இடம் மாத்திட்டா. ஜன்னல்ல முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கா, தபால்காரர் மணி அடிச்சா மட்டும் காது விறைக்குது. "உன் புருஷன் எழுதியிருக்கானா?"ன்னா "யாரு அது?"ங்கறா. பூனையைப் பத்தி உங்க கடிதத்தைப் படிச்சுக் காட்டினேன். எழுந்து போய்க் கழுவின கிண்ணத்தையே மறுபடி கழுவினா.

பூனைகிட்ட மன்னிப்புக் கேக்குறது எப்படின்னு கேட்டீங்க. முதல்ல எதுக்குன்னு தெரிய வேண்டாமா? மீனுக்காக அவ இங்கே வந்தான்னா நினைக்கிறீங்க? மரமண்டை! ஏப்ரல் எட்டு என்ன தேதி? முப்பது வருஷம் முன்னாடி, அதே ஏப்ரல் எட்டுல, உங்கம்மாவோட எங்க வீட்டுக்குப் பொண்ணு கேக்க வந்தீங்க. வந்த மாப்பிள்ளைக்குப் பொண்ணு உப்புக் காபி கொடுத்துப் பார்க்கிறது நம்ம வழக்கம். நாலு கரண்டி போட்டா, நான்தான் கதவிடுக்குல நின்னு எண்ணினேன். நீங்க முகம் சுளிக்காம, மண்டி வரைக்கும் குடிச்சு, "உங்க கைக்குச் சுகம் உண்டாகட்டும்"னீங்க. அன்னிக்கு ராத்திரி அவ தூங்கலை.

இந்த வருஷம் ஊர்ல காபிப்பொடியே கிடையாது. வறுத்த கொண்டைக்கடலைப் பொடியைக் குடிக்கிறோம். அப்படியிருந்தும் அவ நிஜக் காபிப்பொடியை ஜனவரியில இருந்து ஒரு டப்பாவுல கொஞ்சம் கொஞ்சமா சேர்த்து வச்சிருந்தது அந்த ஞாயித்துக்கிழமைக்குத்தான். அதுல உப்புப் போட்டது உங்களுக்கு ஞாபகம் வரும்னு. நீங்க என்ன பண்ணினீங்க? விருந்தாளி முன்னாடி துப்பினீங்க. மீன் போன ஆத்திரத்துல அவ பழி வாங்கறான்னு நினைச்சு, "இந்த வீட்டுல மீனும் இல்லை, காபியும் இல்லை, வயித்தெரிச்சல்தான் இருக்கு"ன்னு மறுபடியும் பூனையைப் பார்த்துக் கத்தினீங்க.

வாசல்ல சத்தம் கேக்குது. போதும்.

சுஹேலா

~

முதன்யா
9 ஜூலை 1979

முஹ்தாருக்கு,
ஜெவ்தெத் வீட்டு ஜன்னல்.
(நகல்: பெரிஹான் அம்மா, கார்ஷியாகா, இஸ்மீர்.)

முஹ்தார், உடம்புக்கு எப்படி இருக்கு? அந்த வீட்டு ஈரல் உனக்குச் சேராது, சொல்லி வைக்கிறேன்.

ஏப்ரல் எட்டாம் தேதி உன்னை ரெண்டு தடவை திட்டினேன். முதல் தடவை மீனுக்காக. அதுல பாதி நியாயம் உண்டு. ரெண்டாவது தடவை திட்டினதுல ஒரு துளி நியாயம் கிடையாது. எனக்குக் கொடுத்தது என்னன்னு தெரியாம துப்பினேன். நான் முட்டாள். தேதி மறந்த முட்டாள். முப்பது வருஷம் சீட்டுல தேதி பார்த்துக் கிழிச்சவனுக்கு வீட்டுத் தேதி தெரியலை. மே ஒன்பதாம் தேதி உன்னைப் போன்னேன். அது உனக்குச் சொன்னது இல்லை, என் மேலயே எனக்கு இருந்த கோவம். யாரும் போகணும்னு நான் நினைக்கலை. போனவங்க எல்லாம் திரும்பி வரணும்.

வீடு நல்லா இல்லை. கத்துறதுக்குக்கூட ஆள் இல்லை.

நகல் அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு வரி: இதை ஜெவ்தெத் உனக்குப் படிச்சுக் காட்டினான். நீ கொட்டாவி விட்டதா சொன்னான். நல்ல அறிகுறின்னு எடுத்துக்கறேன்.

நஸ்மி

~

கார்ஷியாகா
30 ஜூலை 1979

நஸ்மி அவர்களுக்கு,

ரமலான் நல்லபடியா நடக்கட்டும். நோன்பு வைக்கிறீங்களா, வயித்து வலி மறுபடி வரலையே?

பூனைக்கு எழுதின கடிதத்தோட நகல் ஒண்ணு என் விலாசத்துக்கு வந்திருந்தது. இதோட திருப்பி அனுப்பியிருக்கேன். மூணு வாரம் வச்சிருந்து அனுப்புறேன், அதுக்குக் காரணம் கேக்காதீங்க.

திட்டினதும் பூனை வழியா, மன்னிப்பும் பூனை வழியாவா? நான் பூனைக்கு எழுதினேன்னு சொல்வீங்க. எனக்கு உங்க மேல கோவம் இருந்துச்சு, அதனால எழுதினேன். உங்களுக்கு என் மேல என்ன கோவம்? பூனைக்கு எழுதினதைப் பூனை படிச்சுக்கும். எனக்கு ஏதாவது இருந்தா, என் பேரைப் போட்டு எனக்கு எழுதணும்.

அக்கா கால் விஷயம் உங்களுக்குத் தெரிஞ்சு போச்சாம். போகட்டும். நோன்புப் பெருநாளுக்கு நான் எங்கே இருப்பேன்னு இன்னும் முடிவு பண்ணலை. இங்கேயே இருன்னு அக்கா சொல்லலை, ஆனா நான் இருக்க முடியாதுன்னும் இல்லை.

பெரிஹான்

~

முதன்யா
12 ஆகஸ்ட் 1979

அன்புள்ள பெரிஹானுக்கு,

உன் ரெண்டு கண்ணுலயும் முத்தம். நோன்பு வைக்கிறேன். வயிறு பரவாயில்லை. இந்த ரெண்டு வரி எழுத மூணு தாள் கிழிச்சேன்.

காபி தேடினேன். கடையில இல்லை, பர்ஸா பட்டணத்துலயும் இல்லை. ஜெவ்தெத்கிட்ட அவன் மருமகன் கப்பல்ல இருந்து கொண்டு வந்தது ஒரு டப்பா இருக்கு. ஒரு கரண்டி கேட்டேன். பகடையாட்டத்துல போன வருஷம் நான் ஜெயிச்ச அஞ்சு ஆட்டமும் கள்ளாட்டம்னு காபிக்கடையில எல்லார் முன்னாடியும் சொன்னா தர்றேன்னான். பெரிஹான், நான் கள்ளாட்டம் ஆடலை, உனக்கே தெரியும். ஆனா எழுந்து நின்னு சொன்னேன். படகுத்துறைத் தொண்டையில சொன்னேன். வெளியில வலை காயப் போட்டவங்ககூடக் கேட்டாங்க.

அன்னிக்குச் சாயந்தரம் நோன்பு திறந்ததும் ஜெவ்தெத்தையும் மெலாஹத்தையும் நம்ம வீட்டு முற்றத்துக்குக் கூப்பிட்டேன். அதே ரெண்டு நாற்காலி. என் கையால ஒரு கோப்பை காபி போட்டேன். ஒரு கரண்டிப் பொடிக்கு ஒரு கோப்பைதான் வரும். நாலு கரண்டி உப்புப் போட்டேன். எந்த ரெண்டு பேர் முன்னாடி கத்தினேனோ அவங்க முன்னாடியே சொன்னேன்: "ஏப்ரல் எட்டாம் தேதி என் பொண்டாட்டி கொடுத்த காபியில ஒரு குத்தமும் இல்லை. குத்தம் என் தலையில. அவளைத் திட்டத் தைரியம் இல்லாம பூனையைத் திட்டினேன், அது அதைவிட அசிங்கம்." சொல்லிட்டு மண்டி வரைக்கும் குடிச்சேன். மெலாஹத் அழுதுட்டா. ஜெவ்தெத் டப்பாவையே கொண்டு வந்து வச்சுட்டான், உனக்குன்னு.

இருபது வயசுல இவ்வளவு உப்பா இருந்ததுன்னு எனக்கு ஞாபகமே இல்லை. அன்னிக்கு உன் முகத்தைப் பார்த்துக்கிட்டே குடிச்சேன், அதனால இருக்கும்.

அவங்க போனப்புறம் நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். "பிசி பிசி"ன்னு கூப்பிடலை. கூப்பிட்டுக் கூப்பிட்டு வெட்கமாயிடுச்சு. கொஞ்ச நேரத்துல சுவர்ல இருந்து தொம்முனு ஒரு சத்தம். நான் திரும்பலை. அவன் வந்தான். என்னைப் பார்க்கலை. எனக்கு முதுகைக் காட்டித் தரையில உட்கார்ந்தான். பின்னங்காலைத் தூக்கப் போறான்னு நினைச்சேன். தூக்கலை. வாலை மட்டும் பின்னாடி நீட்டி என் செருப்பு மேல வச்சான். நான் அசையலை. ரொம்ப நேரம் அசையலை, கால் மரத்துப் போச்சு.

காலையில என் செருப்புக்குள்ள எலி இருந்துச்சு. சமாதானமா பழிவாங்குறதான்னு எனக்கும் தெரியலை.

என்னை மன்னிச்சுடு பெரிஹான். நீ இல்லாம என்னால இருக்க முடியலை. வான்னு கூப்பிட மாட்டேன், அதை உன் இஷ்டத்துக்கு விட்டுட்டேன்.

கீழே இருக்குறது நிஜப் பாதம். எண்ணிப் பாரு, நாலுதான். ஓரத்துல இருக்குற செம்பழுப்புக் கறை மை இல்லை, பதிக்கும்போது அவன் என் கையைப் பிராண்டினது.

உன் நஸ்மி
(பாத முத்திரை)

~

கார்ஷியாகா
17 ஆகஸ்ட் 1979

நஸ்மி அவர்களுக்கு,

சுகம். நீங்களும் சுகமா இருக்கணும். பிராண்டின இடத்துல எண்ணெய் போடுங்க, துணி சுத்திக் கட்டி வைக்காதீங்க. விரல் நாலு எண்ணினேன். ரெண்டு தடவை எண்ணினேன்.

நாலு கரண்டின்னு உங்களுக்கு யாரு சொன்னது? அக்கா எப்பவும் இப்படித்தான் கூட்டிச் சொல்லுவா. மூணுதான். நாலாவதைப் போடப் போய், நீங்க பாவமா உட்கார்ந்திருந்ததைக் கதவிடுக்குல பார்த்துட்டு, திருப்பி டப்பாவுல கொட்டிட்டேன்.

பெருநாளுக்கு முந்தின நாள் காலை பஸ்ஸுல வர்றேன். பர்ஸாவுல வண்டி மாறி மத்தியானத்துக்கு மேல முதன்யா வந்துடுவேன். மத்தி மீன் வாங்கி வைங்க, திராட்சை இலை மிச்சம் இருந்தா அதுல சுத்திச் சுடலாம். வாங்கினதை மூடி வைங்க.

ஒண்ணு சொல்லிடறேன். வந்ததும் நான் பேச மாட்டேன். நாலு மாசக் கோவம், வாசல்ல செருப்பை விடும்போதே போயிடாது. உங்களுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவேன். அதைப் பார்த்து நீங்க பயப்பட வேண்டாம், கூப்பிடவும் வேண்டாம்.

கிட்டத்தான் உட்காருவேன்.

பெரிஹான்